ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் 6-லேயே நிற்கிறதா? பட்டியலை மாற்றுங்கள்

ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான பழைய ஆங்கிலச் சொற்பட்டியலைத் தினமும் மனப்பாடம் செய்தும், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங் பகுதியில் (மொத்தம் 9) மதிப்பெண் 6-க்கு மேல் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்த காலத்துச் சரக்கு அது. ஜிஆர்இ-யே அவற்றை 2011-ல் எடுத்துவிட்டது.

ரைட்டிங்கில் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண். 7 வாங்க அரிய சொல் மட்டும் போதாது, எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் போட்டிருந்த கட்டுரையில் 'மிட்டிகேட் த வெஹிகிள்ஸ்' என்று இருக்கிறது. மிட்டிகேட் என்றால் 'குறை' என்று மட்டும் படித்ததன் வினை இது. பாதிப்பு, ஆபத்து, விளைவு மாதிரி கெடுதலின் வீரியத்தைத் தணிக்கத்தான் அது வரும்: 'மிட்டிகேட் த இம்பாக்ட்', 'மிட்டிகேட் த ரிஸ்க்'. வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க சாதாரண 'ரெட்யூஸ்' போதும். அங்கே எளிய சொல்தான் சரியான சொல், மதிப்பெண் குறையாது.

மனப்பாடத்துக்கு மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலை எடுங்கள். மொத்தம் 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). ஆன்கி என்ற மனப்பாடச் செயலியின் அட்டையில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். லாங்மேன் இணைய அகராதியில் தேடி, கூட வரும் சொல்லோடு முழு வாக்கியமாகவே எழுதி, நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள். தினம் முப்பதெல்லாம் வேண்டாம், ஐந்தாறு போதும். அப்புறம் அன்றைக்கே ஒரு பத்தி எழுதி அவற்றில் இரண்டையாவது பயன்படுத்துங்கள். எழுதியதை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.