வாட்டர் கூலிங் ஃபிட்டிங்: எதை வாங்குவது, எவ்வளவு இறுக்குவது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "முதல் முறையாக என் கம்ப்யூட்டருக்கு கஸ்டம் வாட்டர் கூலிங் செய்கிறேன். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் மேலும் உட்கார்ந்து தண்ணீரால் சூட்டை இழுக்கிற பிளாக் வாங்கியாச்சு, 10/13 சாஃப்ட் டியூபும் இருக்கிறது. டியூபை அவற்றோடு இணைக்கிற ஃபிட்டிங் விலையைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற கால் இன்ச் ஏர் ஃபிட்டிங்கை வாங்கி டெஃப்லான் டேப் சுற்றிப் போட்டால் போதாதா? இல்லை, பேசாமல் பிஇடிஜி என்கிற விறைப்பான பிளாஸ்டிக் ஹார்டு டியூபுக்கே போய்விடலாமா?"

முதலில் நேரடியான பதில். ஏர் ஃபிட்டிங் வேண்டாம், டேப்பும் வேண்டாம், முதல் லூப்புக்கு (தண்ணீர் சுற்றி வருகிற மொத்த அமைப்புக்கு) ஹார்டு டியூபும் வேண்டாம். 10/13 என்று போட்டு விற்கிற, டியூபை மேலிருந்து ஒரு காலர் இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கை வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் அதே உள்விட்டத்துக்கான, வரிவரியான மூக்கில் டியூபைச் சொருகுகிற பார்ப் ஃபிட்டிங்கும் ஹோஸ் கிளாம்ப்பும் போதும், அதில் பாதுகாப்பு எந்த விதத்திலும் குறையாது.

காரணம் மரையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங்கில் பிளாக், ரேடியேட்டர், பம்ப் எல்லாவற்றிலும் இருப்பது ஜி 1/4 மரை. இன்ச்சுக்கு 19 மரை, வெளிவிட்டம் கிட்டத்தட்ட 13.16 மிமீ, மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம், அதாவது நேர் மரை. இந்த "கால் இன்ச்" என்பதை வைத்துக் கடையில் தேடினால் குழப்பம்தான் வரும், ஏனென்றால் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் சொல்கிற கால் இன்ச் டியூபின் வெளிவிட்டம், வெறும் 6.35 மிமீ. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏர் லைனுக்கு விற்கிற ஃபிட்டிங்குகளில் பெரும்பாலானவை ஆர் 1/4, அதாவது நுனியில் ஒல்லியாக ஆரம்பித்து மேலே போகப் போகப் பருக்கிற கூம்பு மரை. அதற்கும் இன்ச்சுக்கு 19 மரைதான் என்பதால் உங்கள் பிளாக்கில் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறிவிடும், அப்புறம் இறுகும். பித்தளைக்குள் பித்தளை என்றால் பரவாயில்லை. பிளாக்கின் மேல் பகுதியும் தண்ணீர்த் தொட்டியான ரிசர்வாயரும் அக்ரிலிக் அல்லது அசெட்டல் பிளாஸ்டிக், அதில் கூம்பு மரையை ஏற்றுவது ஆப்பு அடிப்பதற்குச் சமம். விரிசல் அன்றைக்கே தெரிய வேண்டும் என்பதில்லை, சில வாரம் சூடும் குளிருமாக மாறி மாறிப் பட்ட பிறகு ஒரு மயிரிழையாகத் தெரியும். மரையின் மேல் வெள்ளையாகவோ வேறு நிறத்திலோ ஏதாவது பூசியிருந்தால் அது கூம்பு மரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓ-ரிங் போட்ட நேர் மரை ஏர் ஃபிட்டிங்குகளும் உண்டு, ஆனால் அவை வெளிவிட்டத்தைப் பிடிக்கிற வகை, விறைப்பான பியூ (பாலியூரித்தேன்), நைலான் டியூபுக்காகச் செய்தவை. உங்கள் மெத்தென்ற 13 மிமீ டியூபை அவை பிடிக்காது. அமெரிக்க என்பிடி கால் இன்ச் ஃபிட்டிங் யாராவது கொடுத்தால் அதையும் வாங்க வேண்டாம், அது இன்ச்சுக்கு 18 மரை, கூம்பும்கூட.

இப்போது டேப் விஷயம். ஜி 1/4 ஃபிட்டிங்கில் தண்ணீரை நிறுத்துவது மரை இல்லை. ஃபிட்டிங்கின் அடியில் ஒரு சின்ன பள்ளத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் ஓ-ரிங் உட்கார்ந்திருக்கும், அது பிளாக்கின் தட்டையான முகத்தில் நசுங்கி அடைத்துக்கொள்கிறது. குக்கர் மூடியில் கேஸ்கட் பார்க்கிற அதே வேலை. மரையின் வேலை அந்த ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அதனால் மரையில் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் கிடையாது, கெடுதல் உண்டு: டேப் பிய்ந்து துணுக்குகள் தண்ணீரோடு போய் பிளாக்கின் உள்ளே இருக்கிற செப்புத் தகடுகளின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். அந்த இடுக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

எவ்வளவு இறுக்குவது என்பதும் இதிலிருந்தே புரியும். விரலால் சுற்றுங்கள், ரிங் முகத்தைத் தொடும்போது ஒரு மெத்தென்ற எதிர்ப்பு தெரியும், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், ஃபிட்டிங்கின் உலோக விளிம்பு முகத்தில் உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர், பிளையர் பக்கமே போக வேண்டாம். பிளாக் கண்ணாடிபோலத் தெளிவான அக்ரிலிக் என்றால் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: ரிங் சுற்றிலும் ஒரே அகலத்தில் கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிதுங்கி வெளியே எட்டிப்பார்த்தால் அது பள்ளத்திலிருந்து நகர்ந்துவிட்டது. கழற்றி, ரிங்கில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, மறுபடி போடுங்கள். மாட்டும் முன் ரிங்கை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்தாலே போதும், இல்லை என்றால் துளி சிலிக்கான் கிரீஸ். வாஸ்லினும் தேங்காய் எண்ணெயும் கூடாது, ஈபிடிஎம் ரப்பர் ரிங் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், எந்த எண்ணெயானாலும் தண்ணீரில் கலந்து பிளாக்குக்குள் போவது நல்லதில்லை.

அடுத்து சைஸ். 10/13 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13. கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கில் இந்த இரண்டு எண்ணும் பொருந்த வேண்டும். உள்விட்டம் ஒன்றுதானே என்று 10/16 ஃபிட்டிங்கை வாங்கினால் டியூப் ஏறிவிடும், ஆனால் மேலே போடுகிற காலர் டியூபைத் தொடவே தொடாது, சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தண்ணீர் சூடாகி டியூப் இளகியதும் கழன்று வரும். வலைத்தளங்களில் இன்ச்சில் போட்டிருப்பார்கள்: 3/8–1/2 என்பது உங்கள் 10/13, 3/8–5/8 என்பது 10/16, 1/2–3/4 என்பது 13/19. இன்ச்சை மிமீ ஆக்கும்போது வருகிற சின்ன வித்தியாசத்தை சாஃப்ட் டியூப் பொறுத்துக்கொள்ளும். ஹார்டு டியூப் பொறுக்காது, 12 மிமீ குழாய்க்கு 12 மிமீ ஃபிட்டிங்தான், அரை இன்ச் என்பது 12.7, அது வேறு. டியூபை நீங்கள் இன்னும் வாங்காமல் இருந்திருந்தால் 10/16 என்றே சொல்லியிருப்பேன், சுவர் 3 மிமீ தடிமன், வளைவில் மடங்காது. 10/13-இல் சுவர் பாதிதான், அதனால் வளைவுகளைப் பெரிதாக விடுங்கள், மடங்குகிற இடத்தில் ஒரு ரோட்டரி 90 டிகிரி ஃபிட்டிங் போடுங்கள்.

அந்த ரோட்டரி ஃபிட்டிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுழல்வதற்காக அதற்குள் கூடுதலாக ஓ-ரிங் இருக்கிறது, அதாவது ஒழுகக்கூடிய இடம் ஒன்று கூடுகிறது. டியூப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த ரிங்தான் முதலில் போகும். ஆகவே தேவைப்பட்ட இடத்தில் மட்டும். நீரோட்டம் குறையுமே என்று பயந்து தவிர்க்க வேண்டியதில்லை, நான்கைந்து முழங்கைகளால் வெப்பநிலையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறாது.

கம்ப்ரெஷனா பார்ப்பா என்றால், பிடிமானத்தில் இரண்டும் சமம்தான். பார்ப்பில் கிளாம்ப் கட்டாயம். ஸ்க்ரூ கிளிப்பை வெறிகொண்டு முறுக்கினால் 13 மிமீ டியூபின் மெல்லிய சுவரை வெட்டிவிடும். கேபிள் டை ஒரு இடத்தில் மட்டும் நெரிக்கும், அதை நம்ப வேண்டாம். கம்ப்ரெஷனில் விலை அதிகம், மாட்டுவது சுலபம், பார்க்கவும் நன்றாக இருக்கும். எதை வாங்கினாலும் நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கட்டும். அலுமினியம் கலக்கவே கூடாது. உங்கள் பிளாக்கின் அடிப்பகுதி செம்பு, அதே தண்ணீரில் அலுமினிய ஃபிட்டிங்கோ அலுமினிய ரேடியேட்டரோ இருந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிடும். விலை மலிவாகக் கிடைக்கிற ரேடியேட்டர்களில் பல அலுமினியம், வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மாட்டுவது இப்படி. டியூபை டியூப் கட்டரால் நேராக வெட்டுங்கள். கத்தரிக்கோல் முனையை நசுக்கி முட்டை வடிவமாக்கும், சாய்வாகவும் வெட்டும். வெட்டியதும் முதல் வேலையாகக் காலரை டியூபில் கோத்துவிடுங்கள், மறந்தால் மறுபடி கழற்ற வேண்டியதுதான். முனையைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நொடி முக்கினால் இளகும், லேசாகத் திருகிக்கொண்டே அடிவரை தள்ளுங்கள். டியூபின் விளிம்பு ஃபிட்டிங்கின் அடித்தளத்தைச் சுற்றிலும் தொட வேண்டும். அப்புறம் ஒரு கையால் ஃபிட்டிங்கின் அடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காலரை இறுக்குங்கள். அடியைப் பிடிப்பது முக்கியம், பிடிக்காவிட்டால் காலரை இறுக்கும்போது ஃபிட்டிங்கும் சேர்ந்து பிளாக்கில் மிதமிஞ்சி இறுகும், கழற்றும்போது அதுவும் சேர்ந்து கழன்று நீங்கள் கவனிக்காமலே தளர்ந்து நிற்கும். பல ஒழுகல்கள் இப்படித்தான் வருகின்றன.

பிஇடிஜி பற்றி. அழகுதான், வளைப்பதும் அக்ரிலிக்கைவிடச் சுலபம். ஆனால் திருச்சி மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 38 டிகிரி என்றால், விளையாடும்போது லூப்பில் தண்ணீர் 50-ஐத் தொடுவது சாதாரணம். பிஇடிஜி முழுசாக இளகுவது 80 டிகிரி வாக்கில் என்றாலும், ஃபிட்டிங் நெரிக்கிற முனையில் 60 டிகிரியிலேயே உருமாறத் தொடங்கலாம். பம்ப் நின்றுபோய் கவனிக்காமல் விட்டால் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். வாட்டர் கூலிங்கில் போடுகிற டி5 வகை பம்புகளுக்கே தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். பிறகு ஆசைப்பட்டால் அக்ரிலிக்குக்குப் போங்கள், அது 100 டிகிரியைத் தாண்டித்தான் இளகும். அப்போது வெட்டிய முனையில் உள்ளேயும் வெளியேயும் பிசிறை நன்றாக எடுத்து விளிம்பைச் சாய்வாக்குங்கள், ஹார்டு ஃபிட்டிங்கில் குழாய் ஓ-ரிங்குக்குள் நுழைகிறது, கூரான விளிம்பு ரிங்கைச் சீவிவிடும். அக்ரிலிக்கை ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீர்கள், பொடிப்பொடியாக விரிசல் விடும்.

எண்ணிக்கை: ஒவ்வொரு டியூபுக்கும் இரண்டு முனை. இரண்டு பிளாக், ஒரு ரேடியேட்டர், பம்ப்பும் ரிசர்வாயரும் சேர்ந்த ஒரு யூனிட் என்றால் எட்டு ஃபிட்டிங். இரண்டு உதிரி சேர்த்து வாங்குங்கள். இதோடு தண்ணீரை வடிக்க லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி ஃபிட்டிங், ஒரு பால் வால்வு, அதன் வாயில் ஒரு ஸ்டாப் பிளக். இதைச் செலவு என்று தவிர்க்கிறவர்கள் அதிகம், பிறகு தண்ணீர் மாற்றும்போது கேஸையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டிவரும், அதற்குள் கிராபிக்ஸ் கார்டு நனைந்துவிடும்.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றால் சோதியுங்கள். இதற்கென்று விற்கிற சின்ன பம்ப்பும் கேஜும் வாங்கலாம். வீட்டில் ஊசிமுள் வைத்த பழைய பிபி கருவி இருந்தால் அதன் பலூனும் கேஜுமே போதும், 300 மிமீ பாதரசம் என்பது 0.4 பார், நமக்கு வேண்டிய அளவுதான். சைக்கிள் பம்பால் கண்டபடி ஏற்றினால் ரிசர்வாயர் உடையும். சாஃப்ட் டியூப் கொஞ்சம் விரிவதால் ஆரம்பத்தில் முள் லேசாக இறங்கும், மறுபடி ஏற்றிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். அப்போதும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு ஃபிட்டிங்காகச் சோப்பு நுரை தொட்டுப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும், அப்புறம் அந்த நுரையை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

முள் நின்றுவிட்டால் தண்ணீர் ஊற்றலாம். பம்புக்கு மட்டும் கரண்ட் போகட்டும், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளையைத் தனியாக ஓடவிட 24 பின் ஏடிஎக்ஸ் பிளக்கில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் இணைப்பார்கள். புது மாடல்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும், அதனால் இந்த இணைப்பைத் தானே செய்கிற ஜம்பர் பிளக் ஒன்று வாங்கிக்கொள்வதே உத்தமம். சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, பம்பைச் சில நொடி ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி நிரப்பி என்று போங்கள், பம்ப் ஒரு நொடிகூடத் தண்ணீர் இல்லாமல் சுற்றக்கூடாது. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பரைச் சொருகி இரவு முழுக்க ஓடவிடுங்கள், காலையில் ஈரமான டிஷ்யூவைத் தேடினால் போதும். ஒரு வாரம் கழித்து, மெஷின் ஆறியிருக்கும்போது, ஒவ்வொரு காலரையும் விரலால் தொட்டு இறுக்கம் பாருங்கள், சூட்டில் டியூப் கொஞ்சம் அமுங்கியிருந்தால் கால் சுற்று கிடைக்கும்.