திடீர் சிறுநீரகப் பாதிப்பு: கேள்வி பதில்

அப்பாவுக்கு 62 வயது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைவாகப் போகிறது. ஆனால் இடுப்பிலோ முதுகிலோ வலி இல்லை. பயப்பட வேண்டுமா?

இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் வற்றியதால் வரும் பாதிப்பில் பெரும்பாலும் வலி இருக்காது. சிறுநீரின் அளவுதான் முக்கியம்: உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.யாவது வர வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு ஆறு மணி நேரத்தில் 180 மி.லி. கூட வரவில்லை என்றால் சிறுநீரகம் அடிவாங்கத் தொடங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கோடு போட்ட பாட்டிலில் பிடித்து, நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். அடிவயிறு புடைத்து, முட்டிக்கொண்டும் போகவில்லை என்றால் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீங்கிய அடைப்பாக இருக்கலாம்; அதையும் சொல்லுங்கள்.

அவர் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும், நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக் கொடுத்தோம்.

டைக்ளோஃபினாக்கை உடனே நிறுத்துங்கள். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயை அது சுருக்குகிறது. வெளியேறும் குழாயை டெல்மிசார்டன் தளர்த்துகிறது. நீர் மாத்திரையோ ஏற்கெனவே வற்றிய உடம்பை இன்னும் வற்றவைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடும். வாந்தி, பேதி இருக்கும் நாட்களில் மற்ற இரண்டையும், சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் இருந்தால் அதையும், நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

என் அம்மாவின் கிரியேட்டினின் 1.1. லேப் சீட்டில் 'நார்மல்' என்று இருக்கிறது. போதும்தானே?

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும். போன வாரம் எவ்வளவு? 0.7 இருந்து இப்போது 1.1 என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, அது பாதிப்புதான். 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலும் அப்படியே. சதை வற்றிய முதியவர்களுக்கு இந்த எண் எப்போதுமே குறைவாகத்தான் காட்டும். போதாததற்கு, கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பைக்கிலிருந்து விழுந்து விலாவுக்குக் கீழே அடி. சிறுநீரில் ரத்தம் இல்லை. வீட்டிலேயே இருக்கலாமா?

கூடாது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயே கிழிந்தாலும் சிறுநீர் தெளிவாக இருக்கலாம். விலாப்பக்கம் கன்றிப்போவது, கீழ் விலா முறிவு, தலைசுற்றல், வேகமான நாடி இருந்தால் சாய மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகிறது. நேற்றுதான் ஜிம்மில் சேர்ந்தேன்.

பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவப்பாகப் போகும், காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும். உங்கள் நிறம் அதில் சேராது. தொடை, தோள் வீங்கி வலித்தால் தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்தை அடைக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இன்றே ரத்தத்தில் சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும் பரிசோதனை), பொட்டாசியம், கிரியேட்டினின் பாருங்கள். விரியன் பாம்பு கடித்தவருக்கு இந்த நிறம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சிறுநீர் குறைந்தால் இளநீர் கொடுக்கலாமா?

வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் போகாத உடம்பில் அது தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். கைகால் தளர்ச்சி, படபடப்பு வந்தால் ரத்த முடிவுக்குக் காத்திராமல் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். படுத்தால் மூச்சுத் திணறல், அரைமயக்கம், பேச்சில் குழப்பம் இருந்தால் நடுராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்கே போகக் கேளுங்கள்.