அப்லேஷன் முடிந்தும் படபடப்பு: பயப்படாதீர்கள்
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) அப்லேஷன் (அந்தத் துடிப்பைக் கிளப்பும் இடத்தை இதயத்துக்குள் சுடும் சிகிச்சை) செய்து 3 வாரம் ஆகியும் இரவில் படுத்ததும் படபடக்கிறது, சிகிச்சை தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே அப்படி முடிவு கட்டாதீர்கள். இதயத்துக்குள் சுட்ட இடம் வீங்கி, ஆறி, தழும்பாக மாற வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தழும்புதான் தவறான மின்துடிப்பைத் தடுக்கிறது. அதனால்தான் முதல் 2, 3 மாதப் படபடப்பை மருத்துவர்கள் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது தொம்மென்று தலையணையில் கேட்கும். மணிக்கட்டில் விரல் வைத்து 1 நிமிடம் எண்ணி, நேரத்தோடு நோட்டில் எழுதிவைத்தேன். பயம் பாதி குறைந்தது. மருத்துவரும் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். உங்கள் மருத்துவரிடமும் இந்தப் படபடப்பைச் சொல்லிவிடுங்கள்.

துடிப்பு சீராகிவிட்டது என்று ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதம் வராமல் காப்பது அதுதான்.

அப்புறம், மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தாலும் அப்படித்தான். உணவுக்குழாய் இதயத்தை ஒட்டியே போவதால், சுட்ட சூடு அதையும் பாதித்திருக்கலாம். அப்லேஷன் செய்ததை அங்கே முதலில் சொல்லுங்கள்.