வரவேற்புரையில் என்ன பேசுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரத்து அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். அடுத்த வாரம் முதலாமாண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வரவேற்புரை இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. வழக்கமாகச் சிறப்பு விருந்தினர், சால்வை, கலாம் பிறந்த மண், ‘கனவு காணுங்கள்’, கைதட்டல் என்று போகும். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி என்று எங்கெங்கிருந்தோ விடிகாலையில் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள். எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கலாமைச் சொல்லாமல் இங்கே பேச முடியாது. சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

– ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியருக்கு,

கலாமைத் தாராளமாகச் சொல்லுங்கள். கனவை மட்டும் சிறப்பு விருந்தினருக்கு விட்டுவிடுங்கள், அவருக்கும் பேச ஏதாவது வேண்டுமே.

ராமேஸ்வரத்துப் பையன் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்து வீட்டை விட்டுத் தங்கிப் படித்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் எடுத்தார். பட்டப்படிப்பு முடிகிற நேரத்தில்தான் இது தன் பாடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அப்புறம் சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது, கட்டப் பணமில்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். மேடையில் ராக்கெட் வருகிற அளவுக்கு இந்த வளையல் வருவதில்லை.

அடகு என்றதும் உங்கள் அரங்கில் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள், பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். விண்ணப்பம், கலந்தாய்வு, ஃபீஸ் எல்லாம் அந்த நாட்களை ஒட்டித்தான் வருகின்றன. தடைக்கால நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். படகுக்குக் கூலிக்குப் போகிற வீட்டிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்த வீட்டிலும் ஏதாவது ஒன்று அடகுக் கடைக்குப் போயிருக்கலாம். அதை அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். ஜோஹராவைச் சொன்னால் போதும், மிச்சம் அவளுக்கே விளங்கும்.

இதற்கு மூன்று நிமிடம். மீதியில் கதை வேண்டாம், கல்லூரி எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். இன்டர்னலுக்கு 25 மதிப்பெண், செமஸ்டர் தேர்வுக்கு 75 என்பதை விளக்க வீட்டில் ஆள் கிடையாது. 75 சதவீதம் வருகைப்பதிவு வேண்டும் என்பதைப் பலர் ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 இலும் மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 இலும் தொடங்கின. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் ஆதார் இணையாமல் பணம் நின்றுபோனால், தனக்கு மட்டும் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. எந்த அறையில், எந்த சாரிடம், என்ன காகிதத்தோடு போய் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த சாரை மேடையில் ஏற்றி முகத்தைக் காட்டுங்கள். அலுவலக ஜன்னலில் ‘நாளைக்கு வா’ என்ற குரலைக் கேட்டுத் திரும்பிப் போன பிள்ளை மறுபடி அந்தப் பக்கம் வருவது சிரமம். வரவேற்பு என்று நான் நினைப்பது அந்த ஜன்னலில் நடப்பதைத்தான். அங்கே உட்காருபவரிடம் விழாவுக்கு முன்பே பேசிவிடுங்கள், உங்கள் உரையைவிட அது முக்கியம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வரும். கரை வேலைக்குப் போய்விட்டு வருகிற பையன் செவ்வாயும் வியாழனும் முதல் மணிக்கு லேட்டாகத்தான் வருவான். சட்டையில் மீன் வாடை இருக்கும், அதனாலேயே கடைசி பெஞ்சில் போய் உட்காருவான். அவனை எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்காதீர்கள். வருகைப்பதிவேட்டை ஒரு மாதம் புரட்டினால் கிழமை தானாகத் தெரியும், அப்புறம் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம்.

விலங்கியல் மாணவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் சேர்த்துச் சொல்லலாம். அவர்கள் பஸ்ஸில் தாண்டிப் போகிற மண்டபத்தில்தான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 இல் கொச்சிக்குப் போகும்வரை இருந்தது. மண்டல மையம் இன்றும் அங்கே இருக்கிறது. கடல்விரால் என்கிற கோபியா மீனை இந்தியாவில் முதன்முதலாக 2010 இல் குஞ்சு பொரிக்கவைத்தது அந்த மையம்தான். அப்பாவுக்கு வலையில் தெரிந்த மீன், மகளுக்குப் பாடத்தில் வருகிறது. அப்பாவிடம் கேட்டு எழுதச் சொல்லி முதல் அசைன்மென்ட்டையே கொடுக்கலாம். வடகடல், தென்கடல், வாடைக் காற்று, கச்சான் காற்று என்று அவர் சொல்லுகிற கணக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. தமிழ்த் துறைக்கும் அது நல்ல சரக்கு.

இன்னொன்று. கௌரவ விரிவுரையாளர்களில் சிலரும் அன்றைக்குத்தான் புதிதாக வருவார்கள். அவர்கள் பெயரையும் வாசியுங்கள். போன வருடம் சேர்ந்து இந்த வருடம் காணாமல்போன இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குத் துறைவாரியாக ஒரு பட்டியல் எடுத்து, விழா முடிந்த வாரமே போன் போடுங்கள். கூப்பிட்டால் வருகிறவர்கள் அதில் சிலராவது இருப்பார்கள்.

சால்வைச் செலவை மிச்சம் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள், முதல்வர் ஒத்துக்கொள்வாரா என்பது உங்கள் பாடு. கூட்டத்தை மட்டும் மதிய பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.