அட்டை தொலைந்த இன்யூட் சிற்பம்: அசலா, நகலா?

கேள்வி: டொராண்டோவில் பழைய பொருள் கடையொன்றில் ஒரு சிற்பம் வாங்கினேன். உறைந்த கடலில் சீல் (கடல்நாய்) மூச்சுவிட வரும் துளையருகே குனிந்து நிற்கும் இன்யூட் (வடதுருவப் பகுதிப் பழங்குடி) வேட்டைக்காரர், கையில் ஈட்டி. சாம்பல் நிறக் கல், ஒரு சாண் உயரம். அட்டை எதுவும் இல்லை. அசல்தானா? எண்ணெய் பூசலாமா?

பதில்: அட்டை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அசல் இன்யூட் படைப்பு என்று காட்ட, இக்லூ (பனிக்கட்டி வீடு) படம் போட்ட சான்று அட்டையைக் கனடா அரசு 1958-இல்தான் கொண்டுவந்தது; அதற்கு முந்தைய சிற்பமென்றால் அட்டை இருந்திருக்காது. நூலில் கட்டித் தொங்கவிடுவதுதானே, அறுந்து போயிருக்கலாம். அட்டை இருந்தாலும் உறுதியில்லை, வேறொன்றின் அட்டையை எடுத்து இதில் கட்டவும் முடியும்.

முதலில் சிற்பத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணமும் கொக்கியுமாக எழுத்துகள் கீறியிருந்தால், பெரும்பாலும் அது இன்யூட் எழுத்தில் சிற்பியின் பெயர். ஆங்கில ‘ஈ’ எழுத்தோடு எண்ணும் இருக்கலாம். குடும்பப் பெயர் வழக்கமில்லாத இம்மக்களுக்கு 1940-களில் அரசு வில்லையில் பொறித்துக் கொடுத்த அடையாள எண் அது. மனிதருக்கு எண் போட்டது அசிங்கமான ஏற்பாடுதான். ஆனாலும் சிற்பியைத் தேடும்போது இன்று அது கைகொடுக்கிறது. அது ஈ9 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரை. அங்குள்ள புவிர்னிடுக், இனுக்ஜுவாக் ஊர்களில் சாம்பல் நிற மாக்கல்லில் செதுக்குவது வழக்கம். நம் கல்சட்டிக்கு உரிய கல் வகைதான். பாஃபின் தீவருகே உள்ள கிங்கைட் ஊரின் சிற்பமென்றால் பச்சைக் கல்லை அதிகம் பார்க்கலாம்.

நகல்கள் கல்தூள் கலந்த ரெசினில் (செயற்கைப் பிசின்) வார்க்கப்படுபவை. எடை ஏமாற்றிவிடும். பூதக்கண்ணாடியில் அச்சின் இணைப்புக் கோடும் ஊசிமுனைக் குழிகளும் தெரிகின்றனவா பாருங்கள். அசலில் அடிப்பக்கத்திலாவது அரத்தின் கீறல் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் ஈட்டி. நான் அதிக நேரம் பார்ப்பது அதைத்தான். பழைய சிற்பங்களில் பல சமயம் அதைத் தந்தத்திலோ கொம்பிலோ தனியாகச் செய்து கைத்துளையில் செருகியிருப்பார்கள். உண்மையான ஈட்டியின் முனை சீலுக்குள் கழன்று குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். முனையில் கட்டிய கயிற்றின் மறுநுனி வேட்டைக்காரர் கையில். வேட்டையாடிப் பழகியவர் செதுக்கியிருந்தால் இந்தக் கயிற்றை மறக்கமாட்டார். கையும் ஈட்டியும் ஒரே வார்ப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். மென்மையான தூரிகை போதும். ஈட்டி வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தமாக இருந்தால், ஊருக்கு எடுத்துப் போகும் முன் வனவிலங்குப் பொருள் அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள்.