முசிறிப் பாதைக்கு ஒரு நாள் போதுமா?

கொச்சிக்கு வரும்போது, சேரர்களின் பழைய துறைமுகமான முசிறியை ஒட்டிய இடங்களை இணைக்கும் முசிறி மரபுப் பாதையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம், ஆனால் எல்லா இடத்துக்கும் ஓடாதீர்கள்.

வட பரவூரில் யூதர் தொழுகைக்கூடத்திலிருந்து தொடங்குங்கள். வாசலிலிருந்து தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட நடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அங்கே நிதானமாக நடங்கள். பக்கத்திலேயே பட்டணம் என்ற சிற்றூர். அங்கே 2007இல் தொடங்கிய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடி ஓடுகள், மிளகு, ஒரு மரத்தோணி எல்லாம் கிடைத்தன. பழைய முசிறி இதுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் யவனரின் (கிரேக்க, ரோமானிய வணிகரின்) கப்பல் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டில் படித்தவர்களுக்கு அந்த ஓடுகளைப் பார்த்தாலே சிலிர்த்துவிடும், கறி என்றால் மிளகுதானே! எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது, அதாவது போன சரக்கின் மறுமுனையும் நமக்குத் தெரியும்.

அப்புறம் சேந்தமங்கலம். கோயில், மசூதி, தேவாலயம், யூதர் கூடம் நான்கும் நடக்கிற தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் கொடுங்கல்லூர் சேரமான் மசூதி, போர்த்துக்கீசியரின் கோட்டப்புறம் கோட்டை. காயலில் படகு கிடைத்தால் சாலையை விட்டுவிட்டு அதிலேயே போங்கள், வணிகர்களும் தண்ணீர் வழியாகத்தானே வந்தார்கள்.