பழைய டிரஸ்ஸிங் டேபிளில் அடித்த எனாமல் உரிகிறதா?
கிருஷ்ணகிரியில் வாங்கிய பழைய டிரஸ்ஸிங் டேபிளுக்கு நேரடியாக எனாமல் அடித்தீர்கள், இப்போது நகம் பட்டாலே தோல் தோலாக உரிகிறது என்கிறீர்கள். பெயிண்டைக் குறை சொல்லாதீர்கள் நண்பரே. அடியில் பழைய வார்னிஷ் வழவழவென்று கிடக்கிறது, பெயிண்ட் எதைப் பிடித்து நிற்கும்?

உரிவதை எல்லாம் சுரண்டிவிட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் மர இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பளபளப்பு முழுக்கச் செத்துப்போக வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் கடைசிக் கோட்டு பெயிண்டிலும் பல்லைக் காட்டும். டர்பென்டைன் துணியால் துடைத்து, காய்ந்ததும் வுட் பிரைமர் (மரத்துக்கான அடிப்பூச்சு) ஒரு கோட்டு. மறுநாள் 220 நம்பரால் லேசாகத் தேய்த்து, மெல்லிசாக எனாமல் இரண்டு கோட்டு. நடுவே ஓர் இரவு விடுங்கள். மழை மூட்டத்தில் அடிக்கவே வேண்டாம்.

டிராயர் பக்கவாட்டில் மட்டும் பெயிண்ட் கூடாது, இறுகிக்கொள்ளும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.